வலிக்காத கொப்புளம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. 18 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றியதில் பாதத்தில் கொப்புளம் வந்து, 3 வாரமாக ஆறவில்லை. வலியே இல்லை என்கிறார். வெந்நீரில் கால் வைக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. நரம்பு மரத்துப்போனதால் சுட்ட கல்லும் அவருக்குத் தெரியவில்லை. வெந்நீரின் சூடும் தெரியாது, வெந்துவிடும்.

நடந்தால் இழுப்பது, நின்றால் விடுவது இரண்டும் சேர்ந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரத்தம் போகாத இடத்தில் எந்தக் களிம்பும் புண்ணை ஆற்றாது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள்; விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு உண்டு. ஆனால் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுவதால், அடைப்பு இருந்தும் இந்த எண் நன்றாக இருப்பதுபோலக் காட்டலாம். 'நார்மல்' என்று வந்தாலும் திரும்பிவிடாதீர்கள். டாப்ளர் ஸ்கேனும் கால் பெருவிரல் அழுத்தமும் பார்க்கக் கேளுங்கள். அடைப்பைப் பலூன் வைத்தோ பைபாஸ் செய்தோ சரிசெய்து, காலை வெட்டாமல் காப்பாற்ற முடிகிறது.

பீடி, சிகரெட் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். புண்பட்ட காலை ஊன்ற வேண்டாம். ஆறிய பிறகு வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்பு.

விரல் கறுத்தாலோ, சீழ் நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், தயவுசெய்து நாளைக் காலையே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள்.