காலி செய்யும் நாள்

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய மூன்று வீட்டு விவரமும் கிடைத்தது. வேளச்சேரியில் 18,000, மேடவாக்கத்தில் 15,000, சோழிங்கநல்லூர் அடுக்குமாடியில் 24,000 என்று வாடகையை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு, எதை எடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இந்த மூன்று எண்ணை வைத்துக்கொண்டு யார்தான் பதில் சொல்ல முடியும்? சென்னையில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு செலவானது என்பது காலி செய்யும் அன்றுதான் தெரியும். அதனால் வீடு பார்க்கப் போகும்போதே அந்த நாளை மனதில் வைத்துக்கொண்டு போ.

வேளச்சேரி வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஆறு மாத அட்வான்ஸ் 1,08,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. முதல் மாத வாடகை 18,000. சாவி கைக்கு வருமுன்னே 1,44,000 போய்விட்டது. பதினோரு மாதத்தில் ஏதோ காரணத்தால் காலி செய்கிறாய் என்று வை. பெயின்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், ஊர் வழக்கம். புரோக்கருக்கும் பெயின்டிங்குக்கும் போனதைப் பதினோரு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 3,270 ரூபாய் சொச்சம். அட்வான்ஸ் பணம் ஏழு சதவீத வட்டியில் வங்கியில் கிடந்திருந்தால் மாதம் 630 வந்திருக்கும். ஆக, 18,000 ரூபாய் வீட்டில் நீ இருந்தது ஏறத்தாழ 21,900 ரூபாய்க்கு. மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம் இதில் சேரவில்லை. அதே வீட்டில் மூன்று வருஷம் இருந்தால் அந்த 3,270 ஆயிரமாகச் சுருங்கிவிடும். பேரம் பேசி வாடகையில் 500 குறைத்துவிட்டு ஒரு வருஷத்தில் வீடு மாறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிச்சம் நிலைத்து இருப்பதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டில் ஆள் நிற்குமா நிற்காதா என்பதை ஓனரிடமோ புரோக்கரிடமோ கேட்காதே. தெருமுனையில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரிடம் கேள். எந்த வீட்டுத் துணி எத்தனை மாதம் வந்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு பேர் வராங்கம்மா" என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடு. காரணம் பெரும்பாலும் தண்ணீராக இருக்கும், அல்லது மழையாக, அல்லது ஓனராக.

தண்ணீரைப் பற்றி உனக்கு அவ்வளவாகத் தெரியாது. தாமிரபரணிக் குழாயடியில் வளர்ந்தவள் நீ. 2019 கோடையில் இங்கே பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அதன்பிறகு நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இன்னொரு ஆலை 2024இல் வந்துவிட்டது, நிலைமை பரவாயில்லை. ஆனாலும் பழைய மகாபலிபுரம் சாலையில் பளபளவென்று நிற்கும் அடுக்குமாடிகளில் பல இன்றும் லாரியை நம்பித்தான் இருக்கின்றன. அந்த லாரிக் காசு மெயின்டனன்ஸுக்குள் வரும், கோடையில் ஏறும். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: மெட்ரோ வாட்டர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் எப்படி, லாரி வந்தால் யார் காசு, போன மே மாதம் மெயின்டனன்ஸ் எவ்வளவு வந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பார். உப்புக் கரித்தால் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் என்று அர்த்தம். குளித்தால் தலைமுடி என்னாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்கு வருவோம். வேளச்சேரியிலும் மேடவாக்கத்தை ஒட்டிய பகுதிகளிலும் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷப்படாதே. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடல் சேர வேண்டும். சதுப்பின் பெரும்பகுதியில் கட்டடமும் சாலையும் குப்பைமேடும் உட்கார்ந்துவிட்டன. கடல் ஏறி நிற்கிற நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அதுதான் நடந்தது. புதுப் பெயின்ட் அடித்த சுவரில் தண்ணீர்க் கோடு தெரியாது. மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்; அவற்றைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் அந்த வீட்டுக்கு அனுபவம் உண்டு. அங்கே வீடு எடுப்பதானால் முதல் மாடிக்கு 2,000 கூடக் கொடுத்து எடு.

அந்தப் பக்கம் போகும்போது பெரும்பாக்கத்தையும் கண்ணகி நகரையும் பார்ப்பாய். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கிறார்கள். காலி செய்யும் நாளைக் குறிக்கும் உரிமைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. நீ போகப்போகும் சோழிங்கநல்லூர் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அங்கிருந்துதான் வருவார்.

ஓனர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு உரிமையும் உண்டு. மாம்பலத்தில் குடித்தனக்காரியாக இருந்துவிட்டு இப்போது நங்கநல்லூரில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவள் நான். ஓனர்கள் அட்வான்ஸை ஒரு தனிக் கணக்கில் போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைக்காதே. பையனின் ஃபீஸுக்கோ தளம் ஒழுகியதற்கோ என்றைக்கோ செலவாகிப் போன பணம் அது. உனக்குத் திருப்பித் தர வேண்டுமானால் அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தர வேண்டும். அதனால்தான் "புது ஆள் வரட்டும், தந்துடறேன்" என்கிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் இல்லை, கையில் பணம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் நீ அதற்குள் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாக வேண்டுமே.

சட்டம் உன் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. 'வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர' என்று பக்கத்திலேயே ஒரு சந்தும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதம், ஆறு மாதம் எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் வருகின்றன. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உன் பாக்கி போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வர்ணம் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அதன் அட்டவணையே சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு எல்லாம் உன் பொறுப்பு. பதினோரு மாத அக்ரிமென்ட் என்பது, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற பழைய விதிக்குத் தப்பிக்க வந்த பழக்கம். புதுச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இணையத்திலேயே செய்யலாம்; நான் என் மாடிக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன். வருமான வரிக்குப் பயந்து பல ஓனர்கள் பதிவுக்கு முகம் சுளிப்பார்கள். முகம் சுளித்தால் பரவாயில்லை, ஆனால் கோபப்படுகிறவரின் வீடு வேண்டாம்.

அக்ரிமென்டில் நான்கு வரி எழுதி வாங்கு. அட்வான்ஸ் தொகையும் அது வங்கி வழியாகப் போன தேதியும். எந்தத் தரப்பு சொன்னாலும் இரண்டு மாத நோட்டீஸ். அந்த இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்ற சம்மதம். இது ஒன்று இருந்தால் ஓனர் கையிலிருந்து வர வேண்டியது பெரிதும் குறைந்துவிடும். நான்காவது, புதுப்பிக்கும்போது வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்பது. கடைசியதை விட்டுவிடாதே. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் வேலை உன் அலுவலக வாசலில்தான் நடக்கிறது. தூசி உனக்கு, ரயில் ஓடத் தொடங்கியதும் வாடகை உயர்வு ஓனருக்கு என்று ஆகிவிடக் கூடாது.

குடிபோகும் அன்று சுவர் வெடிப்பு, ஓதம், ஆணி ஓட்டை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. தனி மீட்டரா என்று கேள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது ஒரு இணைப்புக்கு. சப்-மீட்டர் வைத்த வீட்டில் அந்த இலவசம் உன்னிடம் வந்து சேராது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் சொல்வதுதான் கணக்கு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். முதலிலேயே கேட்டுவிடு.

தனியாக இருக்கும் பெண் என்றதும் சில வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்க வெட்கப்பட்டு "சைவமா, அசைவமா?" என்று சுற்றி வருவார்கள். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் மீன் சமைக்கக் கூடாது என்று பலகை மாட்டுகிறார்கள்! எனக்கு அது எப்போதுமே எரிச்சல். ஆனாலும் வீடு கிடைப்பதற்காகச் சைவம் என்று பொய் சொல்லாதே. ஒவ்வொரு ஞாயிறும் சன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிற வீட்டில் நீ மூன்று வருஷம் இருக்க மாட்டாய்.

கடைசியாக உன் அப்பா விஷயம். அம்மாவின் வளையலை வைத்து முழு அட்வான்ஸையும் கட்டிவிடுகிறேன் என்கிறானாம் என் தம்பி. வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். முதல் இரண்டு மாதம் பெண்கள் விடுதியில் இரு. அரசாங்கத்தின் 'தோழி' விடுதி தாம்பரத்தில் இருக்கிறது, இடம் இருக்கிறதா என்று இணையத்தில் பார். அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குப் பஸ்ஸில் போய்வந்து பார்த்தால் எவ்வளவு தூரம் உன் உடம்பு தாங்கும் என்று தெரியும். பிறகு சாவகாசமாக வீடு தேடலாம். மூன்றில் இப்போதைக்கு மேடவாக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது, அது முதல் மாடியாக இருந்தால். அந்த அக்ரிமென்ட் நகலைக் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பு. டோக்கன் அட்வான்ஸ் என்று 5,000, 10,000 கேட்டால், அத்தை வந்து வீட்டைப் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அத்தை