இடியப்பத் தட்டோடு ஏழாம் மாடிக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற கிராண்ட்பாஸ் தோட்டத்து வீட்டை ஒப்படைத்துவிட்டு, தொடர்மாடியில் ஏழாம் மாடிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். "ஆண்டவரிடம் விட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை, அக்கா. உங்களுக்குக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை முன்னெடுத்த திட்டத்தில், கொழும்புத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெமட்டகொடைக்கும் மட்டக்குளிக்கும் மாடி ஏறின. போனவர்களிடம் கேட்டால் நல்லதும் சொல்வார்கள். மழைக்காலத்தில் நாகலகம் வீதி அளவுமானியில் களனி கங்கை எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று ரேடியோவைக் கேட்டபடி விடிய விடிய விழித்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய், கக்கூஸ். வளர்ந்த பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்க்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் நீங்கள் விடியற்காலையில் பிழிந்து அவிக்கும் இடியப்பத்தை வாங்க ஏழு மாடி ஏறி யார் வருவார்? சீட்டுப் பிடித்தவர்கள் நாலு கட்டடங்களுக்குப் பிரிந்து போனால் அந்தச் சீட்டு என்னாவது? நீங்கள் வேலையாக இருக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா எந்த மாடியில் இருப்பார்? லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஒரு பிரேதத்தை எப்படி இறக்குவது? இவற்றையெல்லாம் நினைப்பது அவிசுவாசம் என்று யாரும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பாடுபடுவதற்கு முந்திய இரவில் இயேசுவே இந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் கேட்டார். அதன்பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தார்.

ஆண்டவரை நம்பினால் கெட்டது ஒன்றும் நடக்காது என்றும் நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்தபோது கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இருந்தவர்கள் அந்தோனியாரை நம்பித்தான் வந்திருந்தார்கள். நமக்குத் தெரிந்த குடும்பங்கள் அவை. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. அதே வருஷம் ஜூன் மாதமே கோவில் மீண்டும் திறந்தது, செவ்வாய்க்கிழமை ஜெபத்துக்குக் கூடும் கூட்டமும் திரும்பி வந்தது. இனி ஒன்றும் நடக்காது என்று யாரும் அவர்களுக்கு உறுதி கொடுக்கவில்லை. ஆனாலும் வந்தார்கள். நான் நம்பிக்கை என்று சொல்வது அதைத்தான்.

2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய யோசேப்பு வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். கோவாவிலிருந்து 1687இல் இங்கே வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம். கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்து, வயிற்றோட்டத்தால் சாகக் கிடந்தார். பிழைத்தெழுந்து 1692இல் கண்டிக்குப் போனால், போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். தன் ஜனங்களைத் தேடிக் கடல் கடந்து வந்த மனிதருக்குக் கிடைத்தது காவல். அவர் அங்கே என்ன செய்தார் தெரியுமா? சிங்களம் படித்தார். அடைத்து வைத்த இடத்திலேயே ஒரு பீடம் அமைத்து ஜெபித்தார். ஜனங்கள் அங்கேயே அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். பிறகு அரசனுடைய நம்பிக்கையும் கிடைத்தது. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, சொந்தக்காரரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, கிட்டப் போய்ப் பராமரித்தவர் அவர்தான். 1711இல் அங்கேயே இறந்தார். கல்லறை இருந்த இடம்கூட இன்று தெரியாது.

அவர் ஊழியத்தைக் கைவிடவில்லை, அக்கா. அது இப்படித்தான் நடக்க வேண்டும் என்று தான் போட்டிருந்த கணக்கை மட்டும் விட்டார். உங்களிடமும் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மேலே போனாலும் எல்லாம் தோட்டத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஒன்றைத்தான் ஆண்டவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறேன். இடியப்பத் தட்டு, நீத்துப்பெட்டி, சீட்டுக் கொப்பி, எல்லாவற்றையும் கூடவே கொண்டு போங்கள். வாங்குகிறவர்கள் ஏறி வராவிட்டால் கீழே நுழைவாசலில் ஒரு மேசை போட முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள்.

வீட்டு உரிமையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். திறப்பைக் கொடுப்பதற்கு முன்னால், பழைய கரண்ட் பில், தண்ணீர் பில், வாக்காளர் இடாப்பில் பேர் உள்ள பக்கம், எல்லாவற்றையும் ஃபோட்டோ கொப்பி எடுத்து வையுங்கள். புது வீடு யார் பேரில், உறுதி எப்போது கிடைக்கும், மாதம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். தோட்டத்தில் நாலு பேர் சேர்ந்து போங்கள், அந்தச் சிங்கள அக்காவையும் கூட்டிக்கொண்டு. எல்லாரையும் ஒரே மாடியில் போட முடியாவிட்டாலும் ஒரே கட்டடத்திலாவது போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி,
கொட்டாஞ்சேனை