நாணயத்தில் ஒரு மூதாதை

நாணயம், பண்டங்களை வாங்கவும் விற்கவும் உதவும் கருவியாகும். எனினும் அதன் பயன் அம்மட்டோடு அமைவதன்று. ஒரு நாட்டு மக்கள் எவற்றைத் தமக்குரிய பெருமையாகக் கருதுகின்றனர் என்பதையும் அது காட்டும். நியூசிலாந்து நாட்டின் இருபது சென்ட் நாணயம் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாடு 1967ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 10ஆம் நாள் பவுன், ஷில்லிங், பென்னி என்னும் பழைய முறையை விடுத்துத் தசம முறையை மேற்கொண்டது. நூறு சென்ட் ஒரு டாலர் ஆயிற்று. அப்பொழுது இருபது சென்ட் நாணயத்தில் கிவிப் பறவை பொறிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அப்பறவையின் இடத்தைத் தொல்குடியினரான மாவோரியரின் மரச்சிற்பம் ஒன்று பெற்றது. அது பூக்காக்கி என்னும் தலைவனின் உருவமாகும்.

மாவோரியர் மரத்திற் செதுக்கும் முன்னோர் உருவங்கள் வெறும் அணிகலைப் பொருள்கள் அல்ல. முன்னோரே அவ்வுருவில் தம்மிடையே நிற்பதாக அவர்கள் போற்றுவர். பூக்காக்கி, ரோட்டோருவா ஏரிப் பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவன். 1836ஆம் ஆண்டளவில் அவன் வழித்தோன்றல்கள் தங்கள் கோட்டை வாயிலில் அவன் உருவத்தை நிறுவினர். மைந்தர் இருவரை அணைத்தவாறு நின்ற அவ்வுருவம், வாயிலைக் காக்கும் மூதாதையாக விளங்கியது.

1877ஆம் ஆண்டில் அம்மக்கள் அச்சிற்பத்தை நம்பிக்கையின் அடையாளமாக அரசினரிடம் அளித்தனர். ஆனால், அது ஆக்லாந்து நகரத்து அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாயிற்று. நாணயத்தின் வாயிலாக நாட்டு மக்கள் அனைவருடைய கைகளிலும் பூக்காக்கியின் முகம் உலவிய காலத்திலும், அவன் சிற்பம் தன் ஊரை விட்டு விலகியே இருந்தது. இறுதியில், 1997ஆம் ஆண்டில், ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, அது ரோட்டோருவாவுக்கே திரும்பியது. அவன் வழித்தோன்றல்களுக்கு அந்நாள், நெடுங்காலம் பிரிந்திருந்த குலமுதல்வன் வீடு திரும்பிய நாளாயிற்று.

2006ஆம் ஆண்டில் இந்நாணயம் அளவிற் சிறியதாக மாற்றப்பட்டது. பூக்காக்கியின் உருவமோ நீங்கவில்லை. நாணயத்தின் மதிப்பு இருபது சென்ட்டே. அதிற் பொறித்த உருவத்தின் மதிப்பை, அம்மூதாதையைப் போற்றும் மக்களே நன்கு அறிவர். பிறர் போற்றும் கலையைக் காண்போர், அதன் அழகோடு அதற்குரியோரின் உள்ளத்தையும் அறிதல் வேண்டும்.