கணிப்பொறி இயலில் டாக்டர் பட்டம்

நம் கலாசாலையினின்றும் வெளியேறும் மாணவர் சிலர், டாக்டர் பட்டமென்பது எம்.எஸ்ஸி.க்கு மேற்பட்ட மற்றொரு பெரும் பரீட்சை என்றே கருதுகின்றனர். இக்கருத்தோடு கடல் கடந்து செல்வோர் பின்னர்ப் பெரிதும் இடர்ப்படுவராதலின், அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே 1965-ஆம் ஆண்டில் கணிப்பொறி இயலுக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. பட்டம் வேண்டுவோர், பாடமும் ஆராய்ச்சியுமாக 135 அலகுகள் நிறைவு செய்தல் வேண்டும். தாம் தேர்ந்த பகுதியில் தகுதிப் பரீட்சை தேறல் வேண்டும். இளமாணவர்க்குப் பாடஞ்சொல்லத் துணைபுரிதலும் வேண்டும். நம்மவர் அஞ்சுவது இவற்றிற்கே. ஆயின் இவை வாயிற்படிகள், வீடு அப்பாலுள்ளது.

அஃது ஆராய்ச்சியுரை. பிறர் கண்டவற்றைத் தொகுத்துரைத்தல் அங்கே செல்லாது. முன்பு எவரும் அறியாத ஒன்றைக் காணல் வேண்டும். ராபர்ட் டார்ஜன் என்பார் அங்கு 1972-இல் பட்டம் பெற்றவர். பல புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த ஓர் அமைப்பை, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாவண்ணம் தாளில் வரைய இயலுமா? சிறுவர் விளையாட்டுப்போலத் தோன்றும் இவ்வினாவே அவர் எடுத்த பொருள். புள்ளிகள் இருமடங்காயின் காலமும் இருமடங்கே ஆகும்படியான ஒரு வழியை, ஜான் ஹாப்கிராஃப்ட் என்பாரோடு சேர்ந்து அவர் கண்டார். அதனினும் விரைவு பெரிதும் கூடாது; புள்ளிகளை ஒருமுறை நோக்குதற்கே அவ்வளவு காலம் வேண்டுமன்றோ! இவ்விருவர்க்கும் 1986-இல் டூரிங் பரிசு கிடைத்தது.

விந்தை யாதெனில், டார்ஜனுக்கு ஆராய்ச்சி வழிகாட்டிய ராபர்ட் ஃப்ளாய்டு டாக்டர் பட்டம் பெற்றவரல்லர். அவரும் 1978-இல் அப்பரிசு பெற்றார். பட்டத்தைவிடப் பொருளையே அத்துறையோர் நோக்கினர் போலும்.

ஆராய்ச்சி முடியப் பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். இடையே பிறரொருவர் அதே முடிவை வெளியிட்டுவிடின், உழைப்பிற் பெரும்பகுதி வீணாதலுமுண்டு. பாடத்தில் முதல்வராயிருந்தோரும் இங்கே மனந்தளர்ந்து மீள்கின்றனர்.

இறுதியில் வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் ஐவர், தலைமை தாங்குபவர் வேற்றுத் துறையினர். மாணவர் முதலில் யாவரும் கேட்கத் தம் முடிவை விரித்துரைப்பார். பின்னர்க் கதவடைத்து வினாக்கள் தொடங்கும். அதனைக் கடந்தபின்னும், ஆராய்ச்சியுரையை முழுதும் படித்த ஆசிரியர் மூவர் அதிற் கையொப்பமிடல் வேண்டும்.