பழைய வன்தட்டைக் கடையிலேயே விட்டுவிடலாமா?

பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு பழுதானால், கணினியையே கைவிட வேண்டியதில்லை. பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் இருப்பது 2.5 அங்குல சாட்டா வகை. அதே அளவுள்ள எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் கணினி முன்னிலும் விரைவாக இயங்கும்.

ஆனால், கழற்றிய வன்தட்டை நாம் மறந்துவிடுகிறோம். ‘இயங்காத பொருளால் என்ன பயன்?’ என்று கடையிலேயே விட்டு வருகிறோம். பல வேளைகளில் பழுதாவது மின்சுற்றுப் பலகை மட்டுமே. உள்ளிருக்கும் காந்தத் தட்டுகளில் பதிந்தவை அழிவதில்லை. கணக்கு அறிக்கைகள், பான், ஆதார் நகல்கள், சேமித்துவைத்த கடவுச்சொற்கள் ஆகியவற்றைத் தொழில் அறிந்த ஒருவர் மீட்டெடுக்க இயலும்.

எனவே, வாடிக்கையாளர்களிடம் நாங்கள் வலியுறுத்துவன மூன்று. முதலாவதாக, வேறொரு நம்பகமான கருவியின் வழியே இணைய வங்கிக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். இரண்டாவதாக, பழைய வன்தட்டைக் கேட்டுப் பெறுங்கள். மூன்றாவதாக, தேவையான கோப்புகளை மீட்டபின், பழுதுபார்ப்பவரைக் கொண்டு உங்கள் கண்முன்னே தட்டுகளைத் துளையிடச் செய்து, மின்னணுக் கழிவாக ஒப்படையுங்கள்.

கணக்கில் நீங்கள் செய்யாத பரிவர்த்தனை தென்பட்டால், காலம் தாழ்த்தாமல் வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.