தை உளுந்தும் வயலின் ஈரமும்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டு, ஜனவரி 28-ஆம் தேதி அடைக்கப்படுகிறது. அணை அடைபடும் அந்த நாள் நெருங்குகையில், தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சம்பாவும் தாளடியும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்க, அந்தக் கதிர்களின் அடியிலேயே அடுத்த பயிரின் விதையைத் தூவிவிட வேண்டிய அவசரமும் வந்து சேருகிறது. நெல் விட்டுச் செல்லும் ஈரத்தை மட்டுமே நம்பி, உழவும் பாசனமும் இன்றி, எழுபது எழுபத்தைந்து நாட்களில் விளைந்து வீடு வந்து சேரும் உளுந்தும் பச்சைப் பயறும் காவிரி டெல்டாவின் சிறு விவசாயிக்குப் பெரும் ஆதாரம். செலவு குறைந்த இந்தப் பயிரில் நஷ்டம் வரும் ஆண்டுகளை ஆராய்ந்து பார்த்தால், விதையின் குற்றத்தைக் காட்டிலும், தெளிக்கும் நாளைத் தீர்மானித்ததில் நேர்ந்த பிழையே பெரும்பாலும் காரணமாக இருக்கக் காண்கிறோம். அந்தத் தீர்மானத்தைச் சூழ்ந்து நிற்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பரிசீலிப்பது அவசியமென்று கருதுகிறேன்.

அவற்றுள் தலையாயது, பட்டம் என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை. தை மாதத்தில் தெளித்தால் விளையும், மாசி பிறந்துவிட்டால் விளையாது என்பது ஊரறிந்த வாக்கு. அதில் சத்தியம் இல்லாமல் இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெல் தரிசுப் பயறுக்குச் சொல்லும் காலமும் ஜனவரி மத்தியிலிருந்து பிப்ரவரி மத்தி வரையில்தான். தை பத்தாம் தேதி தெளித்த உளுந்து முப்பத்தைந்து நாட்களில், அதாவது மாசியின் நடுவில், பூக்கிறது. மாசி பத்தாம் தேதி தெளித்ததோ பங்குனியின் நடுவில், வெயில் ஏறி மண் வறண்ட சமயத்தில் பூத்து, பூவில் பாதியை உதிர்த்துவிட்டுத் தேய்கிறது. ஆகவே தேதி என்பது இரண்டு விஷயங்களுக்கு அடையாளம்: மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரம், முன்னே வரப்போகும் வெப்பம். இவ்விரண்டில் வெப்பம் ஏறக்குறைய ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஈரமோ ஆண்டுக்கு ஆண்டு, வயலுக்கு வயல், ஏன், ஒரே வயலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையேகூட மாறுபடுகிறது. 2017-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது அக்டோபர் 2-ஆம் தேதி. 2022-இலோ மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டுவிட்டது. நான்கு மாதத்துக்கும் மேலாக முன்பின்னாக நீர் வந்த அவ்விரு ஆண்டுகளிலும் தை முதல் தேதி என்னவோ ஒரே சமயத்தில்தான் பிறந்தது. ஆனால் நெல்லின் முதிர்ச்சியும் மண்ணின் நிலையும் அந்த நாளில் ஒன்றாக இருந்திருக்க நியாயமில்லை.

முன்னோர் வகுத்த பட்டத்தை மாற்றலாமா என்று கேட்போருக்கு ஒரு வானசாஸ்திர உண்மையைச் சொல்ல வேண்டும். நமது சூரிய மாதங்கள் நட்சத்திரங்களை ஒட்டிக் கணிக்கப்படுபவை. பருவங்களோ சூரியனின் வடக்கு தெற்குப் பயணத்தை ஒட்டி வருபவை. இவ்விரு கணக்குகளுக்கும் ஆண்டொன்றுக்கு இருபது நிமிஷ அளவு வித்தியாசம் உண்டாகி, அது சேர்ந்து எழுபத்தோராண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. உத்தராயணப் புண்ணியகாலமென்று தை முதல் தேதியை நாம் கொண்டாடினாலும், சூரியன் வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே கடந்துவிடுவது இதனால்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்து உழவன் கண்ட தை மாதம், பருவக் கணக்கில் நம்முடைய தைக்கு இரண்டு வாரம் முந்தியது. நாமே அறியாதபடி நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு தேதியை அசையாத விதியாகக் கொள்வது முன்னோரின் கருத்தும் அன்று. அவர்கள் மாதத்தைச் சொல்லிவிட்டு மண்ணையும் மிதித்துப் பார்த்தவர்கள்.

அடுத்தது பனியைப் பற்றியது. உளுந்து பனியிலேயே விளையும் என்று டெல்டாவில் சொல்லாதவர் இல்லை. தைப் பனி தரையைத் துளைக்கும் என்ற பழமொழியையும் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அது குளிரின் கடுமையைக் கூறுவதேயன்றி நீரின் அளவைக் கூறுவதன்று. விடியற்காலையில் வரப்பில் நடப்பவனின் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிடுவதைப் பார்க்கும்போது வானம் பெரிய தானம் செய்துவிட்டதாகத் தோன்றுவது இயற்கைதான். அளந்து பார்த்தால், ஓரிரவில் இறங்கும் பனி அரை மில்லிமீட்டரை எட்டுவதே அபூர்வம். தழைத்து நிற்கும் உளுந்துப் பயிரும் அது நிற்கும் மண்ணும் சேர்ந்து ஒரு பகலில் ஆவியாக விடுவதோ மூன்று நான்கு மில்லிமீட்டர். இலையில் படிந்த அந்தச் சிறு ஈரமும் மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்பே வெயிலில் போய்விடுகிறது. ஆயினும் பனி முற்றிலும் பயனற்றது என்று சொன்னால் அதுவும் தவறு: காலை வெயில் தன் சக்தியை முதலில் இலைமேல் உள்ள பனியை உலர்த்துவதில் செலவிடுகிறது, அதுவரை செடியின் உடம்பிலுள்ள நீர் காப்பாற்றப்படுகிறது. அந்த ஒரு மணி இரண்டு மணி நேரத்துச் சேமிப்பே பனியின் உபகாரம். பயிரை உண்மையில் வளர்ப்பது, வடகிழக்குப் பருவமழையையும் ஆற்று நீரையும் மாதக்கணக்கில் குடித்துத் தேக்கிவைத்த களிமண். மழைக்காலம் முடிந்த தறுவாயில் மேலேறி நிற்கும் நிலத்தடி நீரும் அதற்குத் துணை. பனியை நம்பிக் காய்ந்த வயலில் விதையைத் தூவுகிறவர்கள் அடையும் ஏமாற்றம் மிகவும் பரிதாபமானது. ஏனெனில் பனி அவர்களுக்கு ஒருநாளும் வராமல் இருப்பதில்லை, செடிதான் எழுவதில்லை. அதோடு, குளிர்ந்த இந்த நாட்களில்தான் இலைமேல் வெண்பொடி தூவினாற்போல் சாம்பல் நோயும் தோன்றுகிறது என்பதைப் பனியைப் புகழ்வோர் நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியானால் ஈரம் போதுமா என்று எப்படி அறிவது? மேல்மண் கறுத்துத் தெரிந்தால் ஈரமுண்டு, வெளுத்தால் ஈரம் போயிற்று என்று கண்ணால் முடிவு செய்கிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. மண்ணின் மேற்பரப்பு நனைந்திருக்கும்வரை காற்றும் வெயிலும் கேட்ட அளவு நீர் ஆவியாகிறது. மேலே ஓரங்குலம் உலர்ந்துவிட்டாலோ அந்த உலர்ந்த படலமே ஒரு மூடியைப் போல் அமைந்து, அடியிலுள்ள ஈரம் வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே வெளுத்த மண்ணின் கீழே வேண்டிய ஈரம் இருக்கலாம்; கறுத்த மண் நீர் மிகுந்து விதையை அழுகச் செய்வதாகவும் இருக்கலாம். டெல்டா விவசாயிகள் மெழுகு பதம் என்று ஒரு பதத்தைச் சொல்லுகிறார்கள். அதைவிடச் செம்மையான அளவுகோல் வேறில்லை. நாலு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தால், கையில் சேறாக ஒட்டாமலும், பொடிந்து உதிராமலும், வழவழப்பாக உருண்டையாகித் திரிக்கத் திரிக்க நீள வேண்டும். காலை வைத்தால் சுவடு பதிய வேண்டும். அந்தச் சுவட்டில் நீர் ஊறக் கூடாது. இந்தச் சோதனையை வரப்போரத்தில் மட்டும் செய்து திருப்தியடையாமல், மேட்டிலும் பள்ளத்திலும் நடுவயலிலும் செய்ய வேண்டும்.

இங்கே படித்தவர்களிடையே உள்ள ஒரு பிரமையையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. மண்ணில் இத்தனை சதவீதம் ஈரம் என்ற எண் தெரிந்துவிட்டால் போதுமென்று அவர்கள் நினைக்கிறார்கள். பதினைந்து சதவீத ஈரம் உள்ள மணலில் பயிர் செழித்து நிற்கும். அதே பதினைந்து சதவீதம் கனத்த களிமண்ணில் இருந்தால் பயிர் வாடிக்கிடக்கும். களிமண்ணின் நுண்ணிய துகள்கள் நீரை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொள்வதால், இருக்கும் நீரையும் வேர் பறிக்க முடிவதில்லை. எவ்வளவு நீர் உண்டு என்பதோடு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தார் உருவாக்கியுள்ள ஈரங்காட்டும் கருவி நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு விளக்குகளால் மண்ணின் நிலையைச் சொல்லுகிறது. எண்களில் குழம்புவோருக்கு அது உதவும். கை பழகியவருக்குக் கையே போதும்.

உழுது தெளித்தால் முளைப்பு நன்றாயிருக்குமே என்பது புஞ்சையில் பழகியவர்களின் அபிப்பிராயம். நெல்லுக்காகச் சேறாக்கிய களிமண்ணை அறுவடைக்குப் பின் உழுதால் அது பெரும் பாளங்களாகப் பெயரும். அவற்றை உடைப்பதற்குள் ஈரம் போய்விடும். வெடிப்பு விட்டால் மண் மூச்சு விடுகிறது, நல்லதுதான் என்று சொல்வதும் இந்தப் பயிருக்குப் பொருந்தாது. வெடிப்பின் இரு சுவர்களும் புதிய மேற்பரப்புகளாகி அடிமண்ணின் நீரையும் காற்றுக்குத் திறந்துவிடுகின்றன. நிற்கும் அடித்தாளின் நிழல் இந்த நஷ்டத்தைச் சிறிது தடுக்கும் என்பதால், அதைக் கொளுத்துவது இரட்டை நஷ்டம்.

விதையை இரட்டிப்பாகப் போட்டால் ஈரக்குறைவை ஈடுகட்டிவிடலாம் என்ற எண்ணம் எளிய கணக்கிலேயே கலைந்துவிடும். எக்டேருக்கு 25 கிலோ என்ற அளவிலேயே ஏறத்தாழ ஐந்தரை லட்சம் உளுந்து விதைகள் இருக்கின்றன. வயலில் வேண்டிய செடிகளோ மூன்றேகால் லட்சம், அதாவது சதுர மீட்டருக்கு முப்பத்துமூன்று. சேதாரத்துக்கு இடம் ஏற்கெனவே விடப்பட்டிருக்கிறது. இருக்கும் நீர் ஓரளவே. அதைப் பங்கு போடச் செடிகளைப் பெருக்கினால் எல்லாம் ஒருசேர வாடும்.

தெளித்தபின் மழை வந்தால் அதிர்ஷ்டம் என்பதையும் அப்படியே ஏற்பதற்கில்லை. தமிழகத்தில் ஜனவரி, பிப்ரவரி இரு மாதங்களின் சராசரி மழை மொத்தம் 30 மில்லிமீட்டர் அளவே. அந்தச் சராசரியை நம்பி வடிவாய்க்காலைத் தூர்ந்துபோக விட்டவர்கள் 2021 ஜனவரி அடைமழையில் பட்ட பாட்டை மறக்கமாட்டார்கள். 2023 பிப்ரவரி முதல் வாரத்து மழையிலோ பழுத்த நெல்லோடு, அதன் அடியில் தெளித்திருந்த உளுந்தும் பயறும் நீரில் கிடந்து அழுகின. முளைக்கும் விதைக்கு நீரோடு காற்றும் வேண்டும். நீர் நிரம்பிய களிமண்ணில் காற்றுக்கு இடமில்லை. வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பு வங்கக் கடலில் தாழ்வு மண்டலத்தைக் காட்டுகிற நாட்களில் விதையைக் கோணியிலேயே வைத்திருப்பதும், வயலுக்கு நடுவே ஒரு வடிகால் கீறிவைப்பதும் விவேகம்.

அறுவடை இயந்திரம் வந்தபின் உளுந்துக்கு வழியில்லை என்று மனம் தளர்ந்து இந்தப் பயிரையே கைவிட்டவர்கள் உண்டு. கையறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தெளிப்பது வழக்கம். இயந்திர அறுவடைக்கு அந்த இடைவெளியைக் குறைத்து, முளைகள் நெடிதாக எழுவதற்குமுன் வண்டி போய்விடும்படி ஏற்பாடு செய்தால் நசுங்குவது குறையும். சேறு ஆழ்ந்த வயலில் டயர் வண்டியைவிடப் பெல்ட் வண்டி தன் பாரத்தைப் பரப்பி இறக்குவதால் பள்ளம் குறைவு. வண்டி திரும்பிய மூலைகளிலும், வைக்கோல் கனமாக விழுந்த வரிகளிலும், வைக்கோலை விலக்கி, மறுபடி கொஞ்சம் விதை இட்டால் வெற்றிடம் நிரம்பும்.

நெல்லுக்கு இட்ட உரமே உளுந்துக்குப் போதும் என்பதில் பாதி உண்மைதான் உண்டு. உலர்ந்துவரும் மண்ணில் உரமிட்டால் வேர் அதை எடுக்காது என்பதால், ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முந்தின இரவே ஊறவைத்துத் தெளியவிட்டு வடிகட்டி, 200 லிட்டர் நீரில் கலந்து, பூக்கும் சமயத்தில் ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் மாலை வேளையில் இலைமேல் தெளிக்க வேண்டும்.

பதம் கடந்துவிட்ட வயலைப் பற்றி ஒரு வார்த்தை. தை முடியவில்லையே என்று காய்ந்த மண்ணில் விதையை இறைப்பதால் பிரயோசனமில்லை. பம்புசெட் உள்ளவர்கள் நீர் பாய்ச்சி, உழுது, மாசியில் இறவைப் பயிராகவே உளுந்தை விதைக்கலாம். அதற்கு எக்டேருக்கு 20 கிலோ விதை போதும். நீர் வசதி இல்லாதவர்கள் விதையை நன்கு உலர்த்திப் பத்திரப்படுத்திவிட்டு, கோடை மழை பெய்ததும் ஓர் உழவு போட்டு வைக்கட்டும்.