மீகாமன் கரையில் நிற்கும் படகு

ஓடம், தோணி, அம்பி, பஃறி, நாவாய், வங்கம் என நீரிற் செல்லும் கலத்துக்குப் பல பெயரிட்டு வழங்கியது தமிழ். அக்கலத்தைச் செலுத்துவோனை மீகாமன் என்றனர் முன்னோர். மாணவர் பள்ளிச் செயற்றிட்டமாகச் செய்யும் வானொலிப் படகுக்கும் ஒரு மீகாமன் உளன். அவனோ கரையில் நிற்கின்றான். அவன் குரல் எட்டாத வேளையிலும் படகு தன் கடமையை அறிந்திருத்தல் வேண்டும். இதனை உளங்கொள்வார்க்கு அப்படகை அமைக்கும் முறை முழுவதும் எளிதில் விளங்கும்.

இத்தகைய படகை உலகறியக் காட்டியவர் நிக்கோலா தெஸ்லா. 1898ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் நடந்த மின்பொருட்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பித் தொடர்பின்றி இயக்கினார். அவ்வாண்டு நவம்பரில் ஆக்கவுரிமையும் பெற்றார். கலங்கட்டும் தொழிலோ நம்மவர்க்குப் பழையது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அவ்விரு கலைகளும் இன்று மாணவனின் மேசையில் ஒன்றுகூடுகின்றன.

ஈண்டு யாம் வேகத்தை ஆராயவில்லை. சென்ற படகு திரும்பி வருதலே வேண்டுவது. நடுக்குளத்தில் நின்றுவிட்ட படகை எடுக்க மாணவன் ஒருவன் நீரில் இறங்குவானாயின், சில ஆயிரம் ரூபாப் பொருளுக்காக ஓர் உயிர் பணயமாகின்றது. நாலந்தா, போவத்தென்ன, மொறகஹகந்த முதலிய நீர்த்தேக்கங்களையும் தம்புள்ளைப் பக்கத்துக் குளங்களையும் உடையது நம் மாத்தளை மாவட்டம். அவற்றின் ஆழமும் சேறும் கரையில் நிற்பார்க்குப் புலனாவதில்லை.

1. உடல்

நீளம் 60 சதமமீற்றர், அகலம் 20, நீருள் அமிழும் ஆழம் 4 எனக் கொள்வோம். பெருக்கின் 4,800 கன சதமமீற்றர் வரும். இது பெட்டிக்குரிய கணக்கு. முன்புறம் கூராகி அடிப்புறம் வளைந்த படகு ஏறக்குறைய இதிற் பாதி நீரையே இடம்பெயர்க்கும். ஆகவே, ஆக்கிமிடிசின் தத்துவப்படி, படகும் சுமையும் சேர்ந்து 2,400 கிராமுக்கு மேற்படலாகாது. நிறை மிகுந்த மின்கலங்களை நடுவே, அடித்தளத்தை ஒட்டி வைத்தால் படகு எளிதிற் கவிழாது. முன்னும் பின்னுமாக இரண்டரை லீற்றர் கனவளவு ரெஜிபோம் அடைத்துவிடின், உள்ளே நீர் நிறைந்தாலும் படகு மூழ்காது. பெற்றோல் கலந்த பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும். எபொக்சிப் பசையே ஏற்றது.

2. உந்தலும் மின்னும்

மோட்டரும் விசிறித் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருத்தல் வேண்டும். கோணல் சிறிதாயினும் தண்டு அதிரும், மின் வீணாகும், நீர் கசியும். தண்டு செல்லும் குழாயிற் கிறீஸ் நிரப்புக. 1.2 வோற்று மின்கலம் ஆறினைத் தொடராக இணைத்தால் 7.2 வோற்றுக் கிடைக்கும். கலவடுக்கின் கொள்ளளவு 2,000 மில்லி அம்பியர் மணியாகவும் மோட்டர் இழுப்பது 4 அம்பியராகவும் இருப்பின், கணக்கின்படி அரைமணி நேரம் ஓடும். ஆயினும் 15 நிமிடத்திற் கரைசேர்த்தலே முறை. களை சுற்றி விசிறி நின்றுவிடின் மின்னோட்டம் பன்மடங்காகும். அதனால் உருகி ஒன்று கட்டாயம் வேண்டும்.

3. வானொலி

இக்காலக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் மீடிறனில் இயங்குவன. அவ்வலையின் நீளம் 12.5 சதமமீற்றர், வாங்கியின் உணர்கொம்பு அதிற் காற்பங்காகிய 3 சதமமீற்றரளவே. இவ்வலைகளை நீர் விரைவில் விழுங்கிவிடும். எனவே உணர்கொம்பைப் படகின் அடியிற் கிடத்தாது, சிறு பாய்மரம்போல் மேற்றட்டுக்கு மேலே நிமிர்த்துக. மோட்டரின் தூரிகைகளில் எழும் பொறியும் வாங்கியைக் குழப்பும். 0.1 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவிகளை மோட்டரின் முனைகளிற் பற்றவைத்தால் அத்தொல்லை தணியும்.

4. காப்புக் கட்டளை

குறிப்பலை அறுந்தால் யாது செய்வதென வாங்கிக்கு முன்னரே கற்பித்து வைக்கலாம். "மோட்டரை நிறுத்து" என்பதே அக்கட்டளை. இது இல்லாத படகு, இறுதியாகக் கேட்ட கட்டளையையே பற்றிக்கொண்டு எட்டாத் தொலைவுக்கு ஓடிவிடக்கூடும். கரையிலேயே செலுத்தியை ஒருமுறை நிறுத்தி, விசிறி நிற்கின்றதா எனப் பார்த்தறிக.

5. வெள்ளோட்டம்

முதல் ஓட்டம் சீமெந்துத் தொட்டியில். இரண்டாவது, தங்கூசி நூல் கட்டி ஆழமற்ற நீரில். அதன் பின்னரே உரியவரின் அனுமதியுடன் குளத்தில். தொடங்கும்போது செலுத்தியை முதலிலும் படகைப் பின்னும் இயக்குக. முடிக்கும்போது படகை முதலில் நிறுத்துக. காற்று எக்கரையை நோக்கி வீசுகின்றதோ அக்கரையில் நின்று ஓட்டுக. நின்றுபோன படகைக் காற்றே நம்மிடம் கொணரும். சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் படர்ந்த இடத்தை விலக்குக. படகு எட்டாதவிடத்து நூல் கட்டிய பந்தை அதற்கப்பால் எறிந்து இழுக்கலாம். எக்காரணத்தாலும் மாணவர் நீரில் இறங்கலாகாது; வறண்ட வலயக் குளங்கள் சிலவற்றில் முதலையும் உண்டு.

ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் நாள், காற்று, ஓடிய நேரம், கண்ட குறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்தந்ததென அறிய இயலாது. கண்டதைக் கண்டவாறு நல்ல தமிழில் எழுதும் பயிற்சியும் இதனாற் கைகூடும் என்பது தமிழாசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சி தருவது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுள் பொறியியலாளர் உளர். மின்கருவி திருத்துவோர் உளர். தச்சுத்தொழில் வல்லார் உளர். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவனுக்கு மோட்டரும் வாங்கியும் விலைகொடுத்து வாங்குதல் எளிதன்று. பயன்படாது கிடக்கும் ஒரு கருவியையும் சனிக்கிழமையில் இரண்டு மணி நேரத்தையும் நீவிர் ஈந்தால், அவன் கையாற் செய்த கலம் நீரிற் சென்று அவன் கைக்கே மீளும். அதனைக் கண்ட மாணவன் தன் அறிவில் நம்பிக்கை கொள்வான்.